கடைக் கணினியில் டிஎல்எல் தகராறு: பொதுக் கூறுகளையும் பதிப்புகளையும் ஒழுங்காக வைக்கும் முழு வழிகாட்டி

கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலை அலுவலகம். நாங்கள் எழுதிக் கொடுத்த சம்பளக் கணக்கு மென்பொருள் ஒரு திங்கட்கிழமை காலையில் திறக்கவில்லை. "சனிக்கிழமை வர நல்லாட்டுத்தான் ஓடிச்சு தம்பி, நாங்க ஒண்ணும் தொடல்ல பாத்துக்க" என்றார் கணக்கர். ஏதோ ஓசிஎக்ஸ் கோப்பு இல்லை என்று திரையில் பிழை. என் மடிக்கணினியில் இருந்த அதே பெயர்க் கோப்பை விண்டோஸின் சிஸ்டம் அடைவுக்குள் போட்டுப் பதிவு செய்தேன். திறந்தது. சாயா குடித்துவிட்டு பஸ் ஏறினேன். திங்கள்நகர் தாண்டுவதற்குள் போன் வந்தது: எடைமேடை மென்பொருள் நின்றுவிட்டது, வாசலில் லாரி நிற்கிறது.

அந்த எடைமேடை மென்பொருள் அதே கோப்பின் வேறொரு பதிப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் நான் என் பதிப்பை எழுதிவிட்டேன். நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல்துண்டுக் கோப்புதான் டிஎல்எல்; ஓசிஎக்ஸ் அதில் ஒரு வகை. இவற்றைத்தான் கூறு என்கிறேன்.

எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள், இதே நல்லெண்ணத்தோடு. விண்டோஸில் விபி6 (விஷுவல் பேசிக் 6), டாட் நெட் ஃப்ரேம்வொர்க், சி++ ஆகியவற்றில் எழுதிய மென்பொருளைக் கடைகளிலும் ஆலைகளிலும் நிறுவிப் பராமரிப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியில் கிடைத்த விவரத்தை வைத்துத்தான் நடக்கும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலிருந்து ப்ராசஸ் மானிட்டர், ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் இரண்டும். ஒரு கோப்பு எந்தெந்த டிஎல்எல்களைக் கேட்கிறது என்று காட்டும் கருவி ஒன்று. பழைய டிபென்டன்சி வாக்கர் விண்டோஸ் 10-ல் பொய்யான எச்சரிக்கைகளை அள்ளிக் கொட்டும், அதனால் அதன் இடத்துக்கு வந்த டிபென்டன்சீஸ் என்ற கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் நிறுவாத சுத்தமான விண்டோஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் போதும். விண்டோஸ் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது; மூடினால் உள்ளே செய்தது எல்லாம் அழிந்துவிடும், நமக்கு அதுதான் வசதி. ஹோம் பதிப்பில் அது கிடையாது.

பென் டிரைவில் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்களின் (சி++ நிரல் ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம் கோப்புகளின்) முழு நிறுவிகள், டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-ன் ஆஃப்லைன் நிறுவி, விண்டோஸ் நிறுவல் ஊடகத்தில் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் அடைவு. குலசேகரத்துக்கு மேலே மலையோரத்தில் மழைநாளில் போய் நின்றுகொண்டு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

"டிஎல்எல் இலவசமாகக் கிடைக்கும்" என்று சொல்லும் தளங்களிலிருந்து ஒற்றைக் கோப்பை இறக்காதீர்கள். அது எந்தப் பதிப்பு, யார் கை பட்டது என்று தெரியாது. கூறு எந்த நிறுவியில் வந்ததோ அந்த நிறுவி வழியாகத்தான் கணினிக்குள் போக வேண்டும்.

2. உங்கள் மென்பொருள் உண்மையில் எதைக் கேட்கிறது என்று பட்டியல் எடுங்கள்

புதியவர்கள் ப்ராஜெக்டின் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்பார்கள். அது பாதிதான். கூறுகள் இரண்டு விதமாக உள்ளே வரும். நிரல் தொடங்கும்போதே கேட்கப்படுபவை ஒரு வகை. இவற்றை மேலே சொன்ன கருவி காட்டிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கேட்கப்படுபவை இன்னொரு வகை. ரிப்போர்ட் அச்சடிப்பது, பார்கோடு, எக்செலுக்கு ஏற்றுமதி, டேட்டாபேஸ் டிரைவர் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

அதனால் மென்பொருளை ஓடவிட்டு, ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் டிஎல்எல் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெனுவாக அழுத்திப் பாருங்கள். பில் போடுங்கள், ரத்து செய்யுங்கள், அச்சடியுங்கள், பேக்கப் எடுங்கள். ஏற்றப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் முழுப் பாதையையும் பதிப்பு எண்ணையும் குறியுங்கள். பெயர் மட்டும் போதாது. எந்த அடைவிலிருந்து வந்தது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

டாட் நெட்டில் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: மேலே தெரியும் அசெம்பிளிக்கு (டாட் நெட்டில் கட்டிய கோப்புக்கு) கீழே இன்டராப் என்று ஒரு நேட்டிவ் (டாட் நெட் அல்லாத) டிஎல்எல், 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி உள்ளடைவில் கிடக்கும். வெளியே உள்ள கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்க் கடையில் விழிப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிப்பு எண் குறிக்கும்போது ஒரு குழப்பம் வரும். டாட் நெட் கோப்புக்கு அசெம்பிளி பதிப்பு ஒன்று, கோப்புப் பதிப்பு ஒன்று என இரண்டு உண்டு. விண்டோஸ் ப்ராப்பர்ட்டீஸில் தெரிவது கோப்புப் பதிப்பு. டாட் நெட் பொருத்திப் பார்ப்பது அசெம்பிளி பதிப்பை. இரண்டையும் எழுதுங்கள்.

3. 32 பிட்டா 64 பிட்டா: இதை இப்போதே முடிவு செய்யுங்கள்

ஒரே ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள்) 32 பிட் டிஎல்எல்லும் 64 பிட் டிஎல்எல்லும் சேர்ந்து ஏறாது. மற்ற எல்லா முடிவும் இதன் மேல்தான் நிற்கும் என்பதால் இது மூன்றாவதாக வருகிறது.

பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற அடைவில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வவ்64 என்ற அடைவில் இருக்கும். பெயரும் பொருளும் தலைகீழ். 32 பிட் நிறுவி சிஸ்டம்32-ல் எழுதுகிறேன் என்று சொன்னால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வவ்64-க்குத் திருப்பிவிடும். நீங்கள் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து கையால் போட்டால் திருப்பாது. "அதே கோப்பு அதே இடத்தில்தானே போட்டேன்" என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

டாட் நெட் ப்ராஜெக்டை "எனி சிபியு" (கணினிக்கு ஏற்ப 32 ஆகவோ 64 ஆகவோ ஓடு) என்று விட்டுவிடுவதும் வம்புதான். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் கடையில் எங்கள் மென்பொருள் ஆக்சஸ் டேட்டாபேஸ் இன்ஜின் வழியாக எக்செல் கோப்பைப் படித்தது. அங்கே 64 பிட் ஆபீஸ் இருந்தது. எங்களுக்கு வேண்டியது 32 பிட் இன்ஜின். 64 பிட் ஆபீஸ் இருக்கும் கணினியில் 32 பிட் இன்ஜினின் நிறுவி "முடியாது" என்று கைவிரித்துவிடும். கடைசியில் ஆபீஸ் தேவையில்லாமல் எக்செல் கோப்பைப் படிக்கும் நூலகத்துக்கு மாறினோம். வாடிக்கையாளர் கணினியில் இருக்கும் ஆபீஸை நம்பி ஒன்றையும் கட்டாதீர்கள் என்பது என் கட்சி. நம்மைக் கேட்டுக்கொண்டா அவர் ஆபீஸை மாற்றப்போகிறார்?

4. பட்டியலை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், விண்டோஸுக்குச் சொந்தமானவை. இவற்றை எடுத்துக்கொண்டு போகவும் கூடாது, மாற்றவும் கூடாது.

இரண்டாவது, ரன்டைம்கள். விஷுவல் சி++ ரன்டைமில் 2005, 2008, 2010, 2012, 2013 ஒவ்வொன்றும் தனி. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. 2015 முதல் 2022 வரை உள்ளவை மட்டும் ஒரே குடும்பம். அதில் புதியது பழையதற்கும் உதவும். கோப்புப் பெயரின் கடைசி எண்ணைப் பார்த்தால் குடும்பம் தெரியும்: எம்எஸ்விசிஆர்100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. விசிரன்டைம்140 என்றால் 2015 அல்லது அதற்குப் பிந்தையது. 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் ரன்டைம்தான் வேண்டும், விண்டோஸ் 64 ஆக இருந்தாலும்.

மூன்றாவது, நம்முடையதும் நாம் வாங்கிச் சேர்த்ததும். உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, இவற்றை நம் அடைவுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

எந்தக் குவியல் என்று சொல்ல முடியாத கோப்பு ஒன்று பட்டியலில் மிஞ்சினால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் உங்கள் சொந்தக் கணினியில் எப்போதோ வேறு எதற்கோ நிறுவிய ஒன்றாக இருக்கும்.

5. கூறுகளை உங்கள் நிரலின் அடைவிலேயே வையுங்கள்

காரணம் தேடும் வரிசை. ஒரு டிஎல்எல்லைப் பெயர் சொல்லி மட்டும் கேட்டால் விண்டோஸ் முதலில் நிரல் இருக்கும் அடைவில் தேடும். பிறகு சிஸ்டம் அடைவு, விண்டோஸ் அடைவு, அப்போதைய அடைவு, கடைசியில் பாத் வரிசையில் (விண்டோஸ் அமைப்பில் எழுதி வைத்திருக்கும் தேடல் பட்டியலில்) உள்ள அடைவுகள். ஆக, நம் அடைவில் நம் பதிப்பு இருந்தால் அடுத்தவர் சிஸ்டம் அடைவில் எதைப் போட்டாலும் பெரும்பாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. நாமும் அவர் சட்டியில் கைவைக்க வேண்டியதில்லை.

விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் தனக்கென்று குறித்து வைத்திருக்கும் சில டிஎல்எல்கள் எப்போதும் சிஸ்டம் அடைவிலிருந்துதான் வரும். அதே பெயரில் ஒன்று நம் ப்ராசஸுக்குள் ஏற்கெனவே ஏறியிருந்தால், அதற்குள் இன்னொரு கூறு கேட்கும்போது விண்டோஸ் அதையே எடுத்துக் கொடுக்கும், பதிப்பு பார்க்காது.

அதிகம் பேர் விழும் குழி வேறு. ப்ளகின்களுக்கு (பிறகு சேர்க்கும் கூடுதல் வசதிகளுக்கு) ஓர் உள்ளடைவு வைத்து, ப்ளகின் டிஎல்எல்லையும் அதற்கு வேண்டிய துணை டிஎல்எல்லையும் அதிலேயே போடுவார்கள். முழுப் பாதை கொடுத்து ஏற்றுவதால் ப்ளகின் கிடைத்துவிடும். துணையை விண்டோஸ் முதலில் நிரலின் அடைவில்தான் தேடும், ப்ளகின் இருக்கும் இடத்தில் அல்ல. உங்கள் கணினியில் பாத் வரிசையில் எங்கோ அது கிடைத்துவிடுவதால் தவறு வெளியே தெரியாது. கடைக்குப் போனதும் தெரியும். துணைக் கோப்பை நிரலின் அடைவில் போடுங்கள், அல்லது ஏற்றும் அழைப்பிலேயே தேடும் இடத்தைக் குறிப்பிடுங்கள்.

பாத் வரிசையில் உங்கள் அடைவைச் சேர்க்காதீர்கள். பத்து மென்பொருள் அப்படிச் சேர்த்த கணினியில் ஓப்பன் எஸ்எஸ்எல் கோப்பு மட்டும் நான்கு பதிப்பு கிடக்கும். யார் முந்துகிறாரோ அவர் கொடி.

6. பதிவு செய்ய வேண்டிய ஓசிஎக்ஸ், காம் கூறுகள்

முந்திரி ஆலையில் நான் கோட்டை விட்டது இங்கேதான். காம் கூறை (ஓசிஎக்ஸும் இந்த வகைதான்) நிரல் தேடுவது அடைவில் அல்ல, விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில். அங்கே ஒரு கூறுக்கு ஒரு பாதைதான் எழுதியிருக்கும். கடைசியாகப் பதிவு செய்தவர் பாதைதான் எல்லோருக்கும். அவர் தன் மென்பொருளை நீக்கிவிட்டுப் போனால் அந்தப் பாதையும் போகும். நம் அடைவில் கோப்பு பத்திரமாக இருந்தும் "கிளாஸ் பதிவாகவில்லை" என்று வரும். விபி6-ல் இது 339 அல்லது 429 என்ற எண்ணோடு முகம் காட்டும்.

செய்ய வேண்டிய வரிசை: ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா, எந்தப் பாதையில், எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். அங்கே இருப்பது நம்முடையதைவிடப் புதியது என்றால் தொடாதீர்கள். அதோடு நம் நிரல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். பழையது என்றால், அதைப் பயன்படுத்தும் மற்ற மென்பொருள் எது என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பழைய கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகே மாற்றுங்கள். 32 பிட் கூறை சிஸ்வவ்64-ல் இருக்கும் ரெக்எஸ்விஆர்32 என்ற பதிவுக் கருவி கொண்டு, நிர்வாகி உரிமையோடு பதிவு செய்யுங்கள்.

இதைவிட நல்ல வழி, பதிவே இல்லாமல் ஓட்டுவது. நிரலோடு ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு வைத்து, "இந்தக் கூறு என் அடைவில் இருக்கிறது" என்று அதில் எழுதிவிட்டால் ரெஜிஸ்ட்ரியைக் கேட்காமலே விண்டோஸ் நம் கோப்பை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பி காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. எல்லாக் கூறும் இதற்கு ஒத்துவராது. அந்தச் சம்பளக் கணக்கை இப்படி மாற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதன் பிறகு எடைமேடையும் எங்கள் மென்பொருளும் ஒரே கணினியில் ஆளுக்கொரு பதிப்போடு இருக்கின்றன.

7. டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கில் பதிப்புப் பொருத்தம்

4.5, 4.6, 4.7, 4.8 இவை ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து உட்காரும். ஒரு கணினியில் ஒன்றுதான் இருக்கும். 3.5 தனி. விண்டோஸ் 10, 11-ல் அது தானாக இயங்காது, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் போய் இயக்க வேண்டும். அதற்கு இணையம் கேட்கும். பென் டிரைவில் எஸ்எக்ஸ்எஸ் அடைவு கொண்டுபோகச் சொன்னது இதற்குத்தான். கடையில் இருக்கும் விண்டோஸின் அதே பதிப்பு ஊடகத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். 4.8 இருக்கிறதா என்று பார்க்க ரெஜிஸ்ட்ரியில் ரிலீஸ் மதிப்பைப் பாருங்கள்: 528040 அல்லது அதற்கு மேல் என்றால் இருக்கிறது.

இரண்டு நூலகங்கள் மூன்றாவது ஒன்றின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால், கான்ஃபிக் கோப்பில் பைண்டிங் ரீடைரக்ட் எழுதி, பழையதைக் கேட்பவருக்கும் புதியதையே கொடுக்கச் சொல்லலாம். புதியது பழையதன் வேலையை அப்படியே செய்கிறதா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும். ரீடைரக்ட் அதற்கு உத்தரவாதம் தராது.

அந்தக் கான்ஃபிக் கோப்பு நிரலின் பெயரோடு பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் எக்ஸ்இ கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "இத மாத்திப் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கான்ஃபிக் பழையதாகவே இருக்கும், மென்பொருள் திறக்காது. எப்போதும் முழு அடைவையும் அனுப்புங்கள்.

ஒன்று கூட: ஸ்ட்ராங் நேம் (கையொப்பமிட்ட தனி அடையாளம்) உள்ள அசெம்பிளி ஜிஏசி என்ற பொதுக் கிடங்கில் இருந்தால், டாட் நெட் ஃப்ரேம்வொர்க் அங்கேதான் முதலில் பார்க்கும். நம் அடைவில் உள்ள நகலைத் திருத்திவிட்டு மாற்றமே தெரியவில்லை என்று குழம்பினால், ஜிஏசியைப் பாருங்கள்.

8. மூலநிரலிலேயே பதிப்பைப் பூட்டுங்கள்

நியூகெட்டில் (டாட் நெட் நூலகப் பொதிகளை இறக்கித் தரும் கருவியில்) பதிப்பு எண்ணுக்கு நட்சத்திரக்குறி போட்டு "புதியது எதுவோ அது" என்று விடாதீர்கள். இன்று நீங்கள் கட்டியதும் அடுத்த மாதம் பக்கத்து மேசைக்காரர் கட்டியதும் வேறு வேறாகிவிடும். சரியான எண்ணைக் கொடுங்கள், லாக் கோப்பை இயக்கி அதையும் மூலநிரலோடு சேர்த்து வையுங்கள். நீங்கள் கேட்காமலே பின்னால் வரும் துணைப் பொதிகளின் பதிப்பும் அதில் பூட்டப்படும். பொதிகளின் நகலை அலுவலகத்தில் ஓர் அடைவில் சேமித்தால், இணையம் இல்லாத நாளிலும் அதையே மூலமாகக் காட்டிக் கட்டலாம்.

9. நிறுவி எழுதும்போது

வரிசை: முதலில் ரன்டைம்கள், பிறகு நம் கோப்புகள், கடைசியில் பதிவு செய்வது. மாற்றிச் செய்தால், பதிவு செய்யப்படும் கூறு தனக்கு வேண்டிய ரன்டைம் இல்லாமல் தோற்கும். பிழைச் செய்தியோ கூறின் பெயரைத்தான் சொல்லும்.

விஷுவல் சி++ நிறுவி 1638 என்ற எண்ணை முடிவாகத் திருப்பித் தந்தால் அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதைத் தோல்வியாக எடுக்கக் கூடாது. 3010 என்றால் வெற்றி, ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

நீக்கும்போது ரன்டைம்களை நீக்காதீர்கள், வேறு யாராவது அதை நம்பியிருப்பார்கள். பொது அடைவில் ஏதாவது போட்டே ஆக வேண்டியிருந்தால், எத்தனை மென்பொருள் அதைப் பயன்படுத்துகின்றன என்று எண்ணிக்கை வைக்கும் வசதி நிறுவிக் கருவிகளில் உண்டு, அதை இயக்குங்கள்.

10. சுத்தமான கணினியில் ஓட்டிப் பாருங்கள்

உங்கள் கணினி பொய் சொல்லும். விஷுவல் ஸ்டுடியோ நிறுவிய கணினியில் பல ரன்டைம்கள் ஏற்கெனவே இருக்கும். அதனால் சாண்ட்பாக்ஸில் நிறுவியை மட்டும் போட்டு ஓட்டி, 2-ஆம் படியில் செய்தபடி ஒவ்வொரு மெனுவையும் அழுத்துங்கள். திறந்தது, போதும் என்று மூடிவிடாதீர்கள். அச்சுப் பொத்தானை அழுத்தும்போதுதான் அழும்.

ஏதாவது தோற்றால் ப்ராசஸ் மானிட்டரில் நம் நிரலின் பெயரை வடிகட்டி, "பெயர் கிடைக்கவில்லை" என்ற முடிவு வந்த வரிகளைப் பாருங்கள். அப்படி வரும் ஒவ்வொரு வரியும் பிழை அல்ல. தேடும் வரிசையில் முதல் இரண்டு இடத்தில் இல்லாமல் மூன்றாவது இடத்தில் கிடைத்திருக்கலாம். எல்லா இடத்திலும் தேடி எங்குமே கிடைக்காத பெயர்தான் குற்றவாளி.

பிழைச் செய்தியும் பாதி வழி காட்டும். சி000007பி என்று முடியும் எண் வந்தால் அநேகமாக 32-64 கலப்பு. "சைட் பை சைட்" என்று வந்தால் மேனிஃபெஸ்ட் கேட்கும் பதிப்பு இல்லை, பெரும்பாலும் 2005 அல்லது 2008 ரன்டைம். 80131040 என்று முடிந்தால் டாட் நெட் அசெம்பிளி கிடைத்தது, ஆனால் கேட்ட பதிப்பு அது இல்லை; 7-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

11. கடையில் புதுப்பிக்கும் நாள்

நேரம் பார்த்துப் போங்கள். தோவாளைப் பூச்சந்தையில் கமிஷன் கடைக்கு விடியற்காலையில் போனால் திட்டுத்தான் கிடைக்கும். மதியத்துக்கு மேல் போங்கள், ஓணத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டாதீர்கள். மற்ற கடைகளில் மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டிக் கை வைக்க வேண்டாம், ஜிஎஸ்டி கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லா கவுண்டரிலும் மென்பொருளை மூடச் சொல்லுங்கள். சர்வரின் பகிர்வு அடைவிலிருந்து நான்கு கவுண்டர் ஓடினால், ஒன்று திறந்திருந்தாலும் அது ஏற்றிய டிஎல்எல் மேல் எழுத முடியாது. பாதிக் கோப்பு புதியது, பாதி பழையது என்று ஆகிவிடும். தேடிக் கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான பிழை அதுதான்.

இருக்கும் அடைவின் மேல் எழுதாதீர்கள். புதிய பதிப்பைப் பக்கத்தில் தனி அடைவாக வைத்து, குறுக்குவழியை மட்டும் அதற்குத் திருப்புங்கள். கூறுகள் எல்லாம் அந்தந்த அடைவுக்குள்ளேயே இருப்பதால், பழையதற்குத் திரும்ப வேண்டுமானால் குறுக்குவழியை மாற்றினால் போதும். டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் புதுப்பிப்பு என்றால் இது போதாது. முதலில் பேக்கப் எடுத்து, அதைத் திறந்தும் பாருங்கள்.

கிளம்பும் முன் கடைக்காரரை உட்கார வைத்து, அவர் கையால் ஒரு பில் போட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற மென்பொருள்களையும், எடைமேடை, லேபிள் அச்சு எதுவானாலும், ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். "அத ஒண்ணும் தொறக்காண்டாம் தம்பி, அது ஓடும்" என்பார். திறந்து பார்த்துவிட்டே பஸ் ஏறுங்கள்.